சோப்புத் தண்ணீர் ஊற்றிய கல்

அப்பா,

இன்று காலை பக்கத்து வீட்டில் துணி துவைத்தார்கள். பார் சோப்பின் வாடை ஜன்னல் வழியே வந்ததும் கைவேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்களை நினைத்து எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

நான் சிறுமியாக இருந்த காலம், சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. அல்சூரில் நாம் குடியிருந்த வரிசை வீட்டுக்கு ஞாயிறு மதியம் தெருப் பிள்ளைகளெல்லாம் வந்துவிடுவார்கள். தொழிற்சாலையில் நீங்கள் அதட்டி வேலை வாங்கும் மேஸ்திரி. பிள்ளைகளுக்கோ வேடிக்கை காட்டும் சார். அன்றைய பாடம் உராய்வு. செங்கல்லில் சணல் கயிறு கட்டி, முதலில் மண் தரையில் இழுக்கச் சொன்னீர்கள். பிறகு துவைக்கிற இடத்துக் கடப்பைக் கல்லில். பிறகு அதே கல்லில் சோப்புத் தண்ணீர் ஊற்றி.

"கயிறு எங்க இறுக்கமா இருந்துச்சு? உன் கை என்னா சொல்லுது?" என்று ஒவ்வொருவரையும் கேட்டீர்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

கதவோரம் உட்கார்ந்திருந்த தம்பியைக் கூப்பிட்டீர்கள். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போனவன், ஏழு வயது. நீங்கள் கூப்பிட்டதே அவனுக்குப் பெருமை. சிரித்துக்கொண்டு வந்தான்.

"இதுமேல நட்றா."

விழுந்தான். உதடு கிழிந்தது. நீங்கள் சிரித்ததால் பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் ஓடினேன், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"யாரும் தொடக்கூடாது. அவனே ஏந்திரிக்கட்டும்."

எழுந்தான், மறுபடி விழுந்தான். அழவில்லை. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா உள்ளேயிருந்து வந்து, முறத்திலிருந்த அடுப்புச் சாம்பலை அவனைச் சுற்றிக் கொட்டினாள். அதில் கையூன்றி அவன் எழுந்து நின்றான்.

நீங்கள் பிள்ளைகள் பக்கம் திரும்பினீர்கள். "பாத்தீங்களா? இப்ப உராய்வு வந்துடுச்சு. அதான் நிக்கிறான்."

அதன்பின் உங்கள் முன்னால் தம்பி நடந்து நான் பார்த்ததில்லை. உங்கள் சைக்கிள் மணி கேட்டால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்வான். நீங்கள் அவனைச் சோம்பேறி என்றீர்கள்.

படுக்கையில் கிடந்த கடைசி வாரம் அவனைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஆள் அனுப்பினேன். கோலாரிலிருந்து வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"பேசறாரா அக்கா?"

"பேசறாரு. உன்னத்தான் கேக்கறாரு."

"அப்ப நான் உள்ள வரல."

திரும்பிப் போய்விட்டான். நான் உள்ளே வந்து, "வந்தான், பாக்காம போயிட்டான்" என்று உங்களிடம் அப்படியே சொன்னேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

இப்போது நானும் வாத்தியார்தான். பிள்ளைகளுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். பாடம் சுவாரஸ்யமாகப் போகும்போது என் தொண்டையில் உங்கள் குரல் கேட்கிறது. உடனே நிறுத்திவிட்டு, யாருடைய முகம் வாடியிருக்கிறது என்று வகுப்பை ஒரு சுற்றுப் பார்க்கிறேன்.