மடியில் கிடந்த கைகள்

பதுளை,
12 மார்ச் 1957.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதோ? இங்கே ஓயாத மழை. எனக்குச் சளி மட்டும்தான், யோசிக்காதீர்கள்.

ஸ்டூடியோவில் ஒரு பகிடி நடந்தது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ராசம்மா, மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டப் படம் எடுத்துக்கொண்டாள். நெகட்டிவில் பென்சில் பிடித்து அவள் முகத்தை நல்ல வெள்ளையாக்கினேன். மடியில் கிடந்த கைகளை மறந்துபோனேன். "மொகம் ஒருத்திது, கை இன்னொருத்திதா?" என்று மாப்பிள்ளையின் தாய் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

நேற்று ராசம்மாவே படத்தோடு வந்தாள்.

"ஐயா, கையையும் மொகம் மாதிரி ஆக்கித் தாங்க. வேற எடத்துல பேசுறாங்க."

"படத்திலை ஆக்கலாம் பிள்ளை. உன்ரை கையை என்ன செய்யிறது?" என்றேன்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். படம் எடுக்க வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். படம் என் மேசையிலேயே கிடக்கிறது.

அது போகட்டும். கொஞ்சம் ஒடியல் மா அனுப்புங்கள். கூழ் காய்ச்சினாலும் தனியே இருந்து குடிக்க வேண்டும், ஆனாலும் அனுப்புங்கள்.

தங்கச்சி லீலாவின் படம் கிடைத்தது. அதை மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க வேண்டாம். இன்னொரு படம் எடுத்து, நெகட்டிவை எனக்கு அனுப்புங்கள். முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தபால் கட்டப்போகிறார்கள், நிறுத்துகிறேன். படம் எடுக்கும்போது லீலாவைக் கைகளை முந்தானைக்குள் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
இளையதம்பி