மேசைமேல் இரண்டு கைகள்

ஜனவரி 16, புதன்

ஆய்வுக்கூடத்தில் இன்று ரத்தக் குப்பிகள் குவிந்துவிட்டன, நிமிர நேரமில்லை. வீட்டுக்கு வந்தால் மகள் நைலா சமையலறை மேசையில் தடிமனான நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறாள். நான்காம் வகுப்புப் பிள்ளை படிக்கிற புத்தகமே இல்லை அது. அவள் பையில் பள்ளிக்கூடத்துத் தாள்: வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் குழுவில் அவளைச் சேர்த்திருக்கிறார்களாம். மூன்றாவது தடவை! போன வாரம்தான் டீச்சரைப் பார்த்துப் பேசினேன். "அவ வாயே திறக்கறதில்ல, எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். முப்பத்தொரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் என்னதான் செய்வார். ஆனாலும், இந்த அரசுப் பள்ளிக்காகத்தானே அட்லாண்டாவை விட்டு இவ்வளவு தூரம் வந்து வீடு வாங்கினோம்?

ஜனவரி 27, ஞாயிறு

ஆராதனை முடிந்து சாப்பிடும்போது எங்கள் சபையின் மூத்த பெண்மணி சிஸ்டர் லவோனியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய இரண்டு பெண்களும் தனியார் பள்ளியில் படித்தவர்கள். லார்க்மூர் அகாடமி என்று நான் வாயெடுத்ததும் கையிலிருந்த கோழிக்காலைத் தட்டில் வைத்துவிட்டார்.

"போய்ப் பாரு. ஆனா முதல்ல நம்ம கறுப்புப் பிள்ளைங்க எத்தனைன்னு தலைய எண்ணு."

"இப்ப இருக்கற பள்ளிக்கூடத்துல பாதிப் பேரு நம்ம பிள்ளைங்கதான் சிஸ்டர். அதனால என்ன கிழிஞ்சுது?"

"இங்க உம் பொண்ண யாரும் பாக்க மாட்டாங்க. அங்க உம் பொண்ணையேதான் பாத்துக்கிட்டிருப்பாங்க. எது பரவாயில்லன்னு நீயே முடிவு பண்ணு."

என் புருஷன் டெரெல் காரில் ஏறியதும் ஆரம்பித்தான். "வரி கட்டறோம், பள்ளிக்கூடம் இருக்கு. நாம ஏன் ஓடணும்? நாம ஓடினா மிச்சம் இருக்கற பிள்ளைங்களுக்கு யாரு கேப்பா?" நியாயம்தான். ஆனால் எனக்கு இருப்பது ஒரே பிள்ளை.

பிப்ரவரி 7, வியாழன்

எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

நைலாவின் வகுப்பில் டியாரா என்று ஒரு குட்டிப் பெண். கணக்கில் ஏதோ தகராறு, அழுது நாற்காலியை உதைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துப் போலீஸ்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் விலங்கு மாட்டியிருக்கிறார். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு!

"விலங்கு பெருசா இருந்துச்சும்மா. கழண்டு கழண்டு வந்துச்சு. அதனால அவ கைய அவரே புடிச்சிக்கிட்டாரு," என்கிறாள் நைலா. சாதாரணமாகச் சொல்கிறாள். பென்சில் தொலைந்ததைச் சொல்கிற மாதிரி.

டெரெல் எழுந்து பேனாவைத் தேடி எடுத்தான். அப்புறம், "அந்த லார்க்மூர் பாரத்தைக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்," என்றான்.

மார்ச் 2, சனி

லார்க்மூரைச் சுற்றிப் பார்த்தோம். தலையை எண்ணினேன். சுவரில் மாட்டியிருந்த வகுப்புப் படங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து ஒன்பது. பள்ளியின் விளம்பரமாகக் கொடுத்த வண்ணப் புத்தகத்தில் மூன்று பக்கங்களில் கறுப்புப் பெண் சிரிக்கிறாள். மூன்று பக்கத்திலும் ஒரே பெண். அவள் எந்த வகுப்பு என்று கேட்டேன். கூட்டிப்போன அம்மாள், "அவ இப்ப இங்க படிக்கலைங்க," என்று சொல்லிவிட்டு நீச்சல் குளத்தைக் காட்டப் போய்விட்டார்.

கேட்டிருக்க வேண்டும், ஏன் போனாள் என்று. கேட்கவில்லை. அதற்குள் நைலா நூலகத்துத் தரையில் சம்மணம் போட்டு ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் என்னத்தைக் கேட்பது?

ஏப்ரல் 5, வெள்ளி

இடம் கிடைத்துவிட்டது. பாதிக் கட்டணம் தள்ளுபடி. நைலா வீட்டைச் சுற்றி மூன்று முறை ஓடினாள்.

ஆகஸ்ட் 10, சனி

காலை முழுக்க நைலாவுக்குப் பின்னல் போட்டேன். என் முழங்கால்களுக்கு நடுவில் எங்கேயும் ஓட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். இதுதான் சமயம் என்று ஒத்திகையை ஆரம்பித்தேன். என் அம்மா எங்கள் அண்ணனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சொன்ன அதே பாடம்.

"நான்தான் டீச்சர். நீ ஏதோ செஞ்சிட்டன்னு சொல்றேன். என்ன பண்ணுவ?"

"ரெண்டு கையும் மேசைமேல."

"அப்புறம்?"

"சரிங்க மேம். மன்னிச்சிருங்க மேம். இனிமே செய்ய மாட்டேன்."

"குரல் ஒசரக் கூடாது. அழக் கூடாது. 'போகலாம்'னு அவங்க சொல்ற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"நான் செய்யலன்னா?"

"செய்யலன்னாலும்."

கதவருகே நின்றிருந்த டெரெலுக்குப் பிடிக்கவில்லை. "அது ரோட்டுல போலீஸ் நிறுத்தினா சொல்றது, ரெனீட்டா. பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு?"

"அவங்க ஃபோன்லயும் போலீஸ் நம்பர் இருக்கு," என்றேன். பத்து முறை சொல்ல வைத்தேன். கடைசித் தடவை ஒரு பிசிறும் இல்லாமல் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

முதல் நாள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு போய் விட்டுவந்தோம். டெரெல் கோட்டும் டையும். இந்தப் பிள்ளைக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். மற்ற அப்பாக்கள் அரைக்கால் சட்டையில் வந்திருந்தார்கள்.

செப்டம்பர் 26, வியாழன்

டீச்சர் நைலாவுக்குத் தன் சொந்தப் புத்தகத்தைப் படிக்கக் கொடுத்தாராம். வகுப்பில் கையைத் தூக்கிப் பேசுகிறாளாம்! சிஸ்டர் லவோனியாவிடம் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பீற்றிக்கொள்ளப் போகிறேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

பள்ளியிலிருந்து ஃபோன். ஹேட்லி என்ற பெண் விளையாட்டுக் கம்பியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். நைலா தள்ளிவிட்டாள் என்கிறாளாம். நைலா ஒப்புக்கொண்டு கைப்பட எழுதியும் கொடுத்துவிட்டாளாம்.

வீட்டில் கேட்டேன்.

"நான் தள்ளலம்மா. கம்பி ஈரமா இருந்துச்சு, அவளே வழுக்கி விழுந்தா."

"அப்ப ஏன்டி எழுதிக் குடுத்த?"

ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். "நீதானே சொன்ன. செய்யலன்னாலும்னு."

அக்டோபர் 24, வியாழன்

தலைமையாசிரியை காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். நைலாவின் அழகான உருட்டு எழுத்து. நான் ஹேட்லியைத் தள்ளினேன், மன்னிச்சிருங்க மேம்.

"தப்பு பண்ற பிள்ளைங்க அழுவாங்க, மறுப்பாங்க," என்றார், ரொம்ப மரியாதையாக. "இவ அசையவே இல்ல. மேசைமேல கைய வெச்சுக்கிட்டு ஒப்பிச்சா. பழக்கப்பட்ட மாதிரி. அதுதான் எங்களுக்குக் கவலையா இருக்கு."

"நான்தாங்க சொல்லிக்கொடுத்தேன்," என்றேன். "யாராவது குத்தம் சொன்னா, செய்யலன்னாலும் ஒத்துக்கோன்னு."

"அப்படின்னா பொய் சொல்லச் சொல்லிக்கொடுத்தீங்களா?"

டெரெல் என் தோளைத் தொட்டான். நான் கத்தியிருக்க வேண்டும். என் பிள்ளை பொய்க்காரி இல்ல, உங்களப் பாத்துப் பயந்து நான்தான் அவள இப்படி ஆக்கினேன்னு கத்தியிருக்கணும். என்ன செய்தேன்? குனிந்து பார்த்தால் என் இரண்டு கைகளும் மேசைமேல் இருந்தன.

அக்டோபர் 29, செவ்வாய்

கார் நிறுத்துமிடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா என்னிடம் ஓடி வந்தார். அவருடைய மகள் பார்த்தாளாம், ஹேட்லி தானாகத்தான் வழுக்கினாளாம்.

"எழுதித் தருவீங்களா?"

"ஐயோ, ஹேட்லி வீட்டுக்காரங்க எங்களுக்கு ரொம்ப வேண்டியவங்க. உங்களுக்கு மனசு ஆறுதலா இருக்கட்டுமேன்னுதான் சொன்னேன்."

ஆறுதலாம்.

நவம்பர் 4, திங்கள்

நாங்களாக நைலாவை விலக்கிக்கொண்டால் எங்கும் பதிவாகாது என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

நவம்பர் 12, செவ்வாய்

பழைய பள்ளிக்கே திரும்பினோம். அலுவலகத்தில் இருந்தவர் நம்மவர். லார்க்மூர் அனுப்பிய கோப்பைப் புரட்டியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உம் பொண்ணு எழுதிக் குடுத்த தாளு இதுக்குள்ள இருக்கு, கண்ணு. நான் பாக்கலன்னு சொல்ல முடியாது."

இன்னொரு பிள்ளையைக் காயப்படுத்தியதாக எழுத்தில் இருப்பதால், வாரத்துக்கு ஒரு முறை நைலா போலீஸ்காரரைப் பார்த்துப் பேச வேண்டுமாம். திங்கட்கிழமைகளில். அதே போலீஸ்காரர்.

ஜனவரி 18, சனி

லார்க்மூரிலிருந்து புதிய வண்ணப் புத்தகம் தபாலில் வந்தது. யாரோ எங்கள் முகவரியை எடுக்க மறந்துவிட்டார்கள். அட்டையில் நைலா, நூலகத்துத் தரையில் புத்தகத்தோடு சிரிக்கிறாள். டெரெல் அதைக் குப்பையில் போட்டான். நான் எடுத்து என் அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறேன். அவள் அப்படிச் சிரித்த படம் வேறு எதுவும் எங்களிடம் இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து பார்த்தால் பால் குளிர்பெட்டிக்கு வெளியே. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. "யாரு இத வெளிய வெச்சது?" என்றேன். கோபம்கூட இல்லை, சும்மாதான் கேட்டேன்.

நைலா புத்தகத்தை மூடினாள். இரண்டு கைகளையும் விரித்து மேசைமேல் வைத்தாள்.

"நான்தான் மேம். மன்னிச்சிருங்க மேம். இனிமே செய்ய மாட்டேன்."

காலையில் காபிக்குப் பாலை எடுத்தது நான். அவள் இன்று பால் குடிக்கவே இல்லை.

"நீ இல்லடி கண்ணு, அம்மாதான். நான்தான் மறந்துட்டேன்," என்றேன். "கைய எடு." எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். மரக்கட்டை மாதிரி இருந்தன. என் முகத்தைப் பார்க்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"போகலாம்," என்றேன்.

அப்புறம்தான் எடுத்தாள்.