லத்தீனோ சங்கம் எரித்த ஃபிதென்சியோ

சான் மிகேல் தெபேபான்,
பியூப்லா.

அன்பு மகன் பௌலினோவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகத்தோடு இருக்க மிக்கேல் அதிதூதர் துணையிருப்பார். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, சோளம் கதிர் பிடித்துவிட்டது, கறுப்புப் பன்றி குட்டி போட்டிருக்கிறது. நல்ல செய்தி இவ்வளவுதான், மீதியை உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய வீடியோவை ஒப்துலியா வீட்டில் வைத்துத்தான் பார்த்தோம். அவள் புருஷன் ஃபிதென்சியோ நியூயார்க்கில் சாரத்திலிருந்து விழுந்து செத்தான் என்று தெரிந்த அன்றே உன் அப்பா போய்க் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிவிட்டார். அவளும் பெட்டி வைக்க முன்னறை மேசையைக் கழுவி, அதன் அடியில் சிலுவை போடச் சுண்ணாம்பு வாங்கி வைத்திருந்தாள். வீடியோவில் பார்த்தால் பெரிய மண்டபம், ஏகப்பட்ட நாட்டுக் கொடிகள், கிதார், நடுவில் பூ சுற்றிய ஒரு சின்னச் சாடி. நீ கோட்டு மாட்டிக்கொண்டு நம் லத்தீனோ சகோதரன் என்று பேசுகிறாய். கடைசிவரை பார்த்துவிட்டு ஒப்துலியா என் பக்கம் திரும்பி, இதுல எங்க வீட்டுக்காரர் எங்கே இருக்கார்க்கா என்று கேட்டாள். அந்தச் சாடிதான் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

யாரைக் கேட்டு எரித்தாய்? நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே ஒரு மன்றம் வைத்திருந்தார்கள், யார் செத்தாலும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு உடலை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதை நீதான் கலைத்து உன் பெரிய சங்கத்தில் சேர்த்தாய். கேட்டால், எல்லாருக்கும் ஒரே முறைதாம்மா, லத்தீனோன்னா ஒரே குடும்பம் என்கிறாய். பெண்டாட்டியைக் கேட்காமல் புருஷனை எரிக்கிற குடும்பம் எந்த ஊரிலடா இருக்கிறது?

ஆத்திரம் தாங்காமல் பள்ளிக்கூட வாத்தியார் எவோதியோவிடம் அந்த வார்த்தையைப் பற்றிக் கேட்டேன். லத்தீன் என்பது ரோமாபுரிப் பக்கத்து ஆட்களின் பாஷை, நம் தாத்தன் பாட்டனுக்குப் பூசையில்கூடப் புரியாததாம். பாரிசில் இருந்த நம் பக்கத்துப் படித்தவர்கள் சிலர், வடக்கே இருக்கிற வெள்ளைக்காரனுக்கு எதிராக நிற்க லத்தீன் அமெரிக்கா என்று பேர் சொன்னார்களாம். பிரெஞ்சுச் சக்கரவர்த்தியின் ஆட்கள், நாங்களும் லத்தீன்தான் என்று அதைப் பிடித்துக்கொண்டார்களாம். சொந்தக்காரங்கன்னு சொல்லிக்கிட்டே பீரங்கியோட நம்ம பியூப்லாவுக்கு வந்துட்டாங்க அத்தே என்று வாத்தியார் சிரித்தார். திருவிழாவில் நடிக்கிற சண்டையில் ஒட்டுத்தாடி வைத்து நீ வேஷம் கட்டி உதை வாங்குவாயே, அதே பிரெஞ்சுக்காரர்கள்தான். வடக்கே போனதும் அந்தப் பேரை நறுக்கி லத்தீனோ என்று, தெற்கேயிருந்து வருகிறவன் எவனானாலும் ஒட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பேரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூலி தராத முதலாளி முன்னால் கொலம்பியாக்காரனும் நீயும் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு சேர்ந்து நின்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஃபிதென்சியோ, வீட்டில் நம் முன்னோர் பாஷையான நவுவா பேசினவன், இந்த ஊர் மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தவன். அவனை என்ன செய்வது என்று உனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியும், தெரிந்தேதான் எரித்தாய்.

அவர் வராம நவநாள் செபம் ஆரம்பிக்கமாட்டேன் என்று ஒப்துலியா உட்கார்ந்திருக்கிறாள், குழியையும் மூடவிடமாட்டேன் என்கிறாள். மழைத்தண்ணீர் நிற்கிறது, அப்பா காலையில் போய் இறைத்துவிட்டு வருகிறார். அங்கே தங்க உனக்குக் காகிதம் இல்லை, வந்தால் திரும்ப முடியாது என்பது எனக்குத் தெரியும். மருமகள் அங்கே பிறந்தவள், சாடியை அவள் கையில் கொடுத்தனுப்பு. தபாலில் போட்டாயோ, நீ என் பிள்ளையே இல்லை.

குழந்தைக்கு முத்தம். உங்கள் மூவருக்கும் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், கோபம் இருந்தாலும் ஆசீர்வாதம் குறையாது. மறக்காமல் ஒப்துலியாவுக்கு நீயே போன் செய், அவள் கூப்பிடும்போது எடுக்காமல் ஒளியாதே. அவள் உன்னிடம் கேட்க இருப்பது ஒன்றே ஒன்றுதான். என்னிடம் கேட்டாள், உன்னைத்தான் கேட்கச் சொன்னேன். அந்தச் சாடிக்குள்ள அவர் முழுசா இருக்காரா என்று கேட்கிறாள்.

உன் அம்மா,
ஹெர்மெலிந்தா