உங்கள் பெயரில் விழுந்த ஓட்டு

அன்புள்ள அக்கா,

காலையில் ஓட்டுக் கேட்டு வந்த ஆட்டோ நம் தெருமுனையில் நின்றது. ஒலிபெருக்கியில் “தாய்மார்களே” என்ற குரல் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். உங்களுக்கு அந்தச் சொல்லே ஆகாது. “தாய்மாருங்கறான் பாரு கண்ணு, என்னத்தையோ எடுத்துட்டுப் போகத்தான்” என்பீர்கள். அப்போது சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். தொண்ணூற்றாறுக்குப் பிறகு சிரிக்காமல் சொன்னீர்கள்.

போத்தனூரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் பட்டறையில் நாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலம் அது. நெடுநாள் கழித்து மாநகராட்சித் தேர்தல் வந்தது. நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். செங்கல் சூளைக்காரர் தன் மனைவியை நிறுத்தினார். தெருவில் பாதிப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்த நர்சம்மாவும் நின்றார். உங்கள் ஓட்டு நர்சம்மாவுக்குத்தான் என்று பட்டறை முழுக்கத் தெரியும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஸ்டேஷன் ரோட்டில் டீக்கடை வைக்க இடம் வேண்டியிருந்தது. சூளைக்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் நான் உங்கள் வீட்டில் இருந்தபோதே அந்தப் பேச்சு வந்தது.

“நம்ம ஊட்டுல ரெண்டு ஓட்டுன்னு அவருகிட்டச் சொல்லிப்போட்டேன்” என்றார் உங்கள் வீட்டுக்காரர்.

“உங்க ஓட்டுக்குச் சொன்னீங்க, செரி. என்ற ஓட்டுக்கு என்னைக் கேட்டீங்களா?” என்றீர்கள்.

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. “உன்ற இஷ்டம்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நீங்கள் அவர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “இந்த மனுசன் இவ்வளவு லேசுல உடறவரில்லையே” என்றீர்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஓட்டுப்போடும் நாளன்று விடிந்ததும் உங்களை அன்னூருக்கு அனுப்பினார். உங்கள் அம்மாவுக்கு மருந்து வாங்கி வைத்திருக்கிறாராம், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தால் மத்தியானத்துக்கு மேல் கூட்டமில்லாமல் ஓட்டுப் போடலாமாம். கட்டிய நாளிலிருந்து மாமியாருக்கு ஒரு மாத்திரை வாங்கித் தந்தவரில்லை. திரும்பி வரும் பஸ்ஸில்தான் அது உறைத்தது என்று பிறகு சொன்னீர்கள். நேராக என் வீட்டுக்கு வந்தீர்கள். சேர்ந்து போகலாமென்று நானும் போடாமல் காத்திருந்தேன்.

பூத் சிலிப்பை எடுக்க உங்கள் வீட்டுக்குப் போனோம். காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தது அங்கே இல்லை. கட்டிலில் படுத்திருந்த உங்கள் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே, “சிலிப்பு எதுக்கு, பேரைச் சொன்னாப் போதும்” என்றார். நாம் என்ன தேடுகிறோம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நமக்குப் படம் எடுத்துக்கொண்டு போனார்களே தவிர, அடையாள அட்டை இன்னும் வந்திருக்கவில்லை. அட்டை இல்லாவிட்டாலும் பட்டியலில் பெயர் இருந்தால் போடலாம் என்றார்கள். மாநகராட்சிப் பள்ளியில் வரிசை சின்னதாகத்தான் இருந்தது. நீங்கள் பெயரைச் சொன்னீர்கள். அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டி நிறுத்தி, “உங்க ஓட்டுப் பதிவாயிருச்சேம்மா” என்றார்.

நீங்கள் இரண்டு கைகளையும் அவர் மேசைமேல் விரித்து வைத்தீர்கள். “மை எங்கீங்க?”

அவர் உங்கள் விரல்களைப் பார்த்தார். பிறகு ஏஜெண்டுகளைப் பார்த்தார். சூளைக்காரர் பக்கத்து ஏஜெண்டு நம் தெருப் பையன்தான், தினம் உங்களை அக்கா என்று கூப்பிடுகிறவன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நர்சம்மா பக்கத்து ஏஜெண்டு வெளித் தெருக்காரர். காலையில் ஓர் அம்மாள் சிலிப்போடு வந்து வீட்டுக்காரர் பெயர், கதவு எண் எல்லாம் தடுமாறாமல் சொன்னதாகச் சொன்னார். அதிகாரி உங்களிடமும் அதையே கேட்டார். நீங்கள் உங்கள் பெயருக்குப் பரீட்சை எழுதுவதைப்போல் ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். நான் சாட்சி சொன்னேன். கடைசியில் தனியாக ஓர் ஓட்டுச் சீட்டுக் கொடுத்து, முத்திரை குத்தியதும் தன்னிடமே தரச் சொன்னார். அதைப் பெட்டியில் போடாமல் உறையில் வைத்தார்.

“இதை எண்ணுவீங்களா?”

“கோர்ட்டு கேட்டாத்தானுங்கம்மா பிரிப்பாங்க.”

“செரி, இருக்கட்டுங்க. நான் வந்தேன்னு இருக்கட்டும்.”

நர்சம்மா தோற்றார். டீக்கடைக்கு இடம் கிடைத்தது. அந்த நாட்களில் நீங்கள் பேசும் ஒவ்வொருவரையும் நிதானித்துப் பார்ப்பதைக் கவனித்தேன். கடையில் சாமான் வாங்கும்போதுகூட, எதிரில் நிற்கும் பெண் உங்கள் பெயரைத் தன் பெயராகச் சொல்கிறாளா என்று காது கொடுப்பீர்கள்.

கடை திறந்த அன்று என்னையும் கூட்டிப் போனீர்கள். பல்லடத்திலிருந்து சூளைக்காரர் வீட்டு உறவென்று ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல சிரித்த முகம். உங்கள் வீட்டுக்காரர் பாலைக் காய்ச்சிக்கொண்டே, “இவதானுங்க என்ற சம்சாரம்” என்று உங்களைக் காட்டினார். அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதானுங்களா? நானும் ஒரு நாளு நீங்களா இருந்தேனுங்க” என்றாள், வேடிக்கையாக.

நீங்கள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டீர்கள். டம்ளரைத் தொடாமல் வெளியே நடந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடிவந்தார்.

“ஒரு ஓட்டுத்தானே, அதுக்குப் போயி…”

“ஒண்ணே ஒண்ணுதானுங்க. அது என்னுது.”

அதன்பிறகும் அவரோடுதான் வாழ்ந்தீர்கள். சோறு போட்டீர்கள், காய்ச்சலில் பார்த்துக்கொண்டீர்கள். அந்தக் கடைத் தண்ணீரைக்கூடக் குடித்ததில்லை. அட்டை வந்ததும் அதைப் பட்டறையில் என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டச் சொன்னீர்கள். அடுத்து வந்த தேர்தல்களிலெல்லாம் கதவு திறக்குமுன்பே பள்ளி வாசலில் நாம் இருவரும் நின்றோம். “நம்பலாந்தான் கண்ணு. முன்னாடியே போயி நின்னுக்கிட்டு நம்பலாம்” என்பீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தத் தேர்தல். போன வாரம் உங்கள் வீட்டுக்காரர் வந்தார். வயதாகிவிட்டது. உங்கள் இறப்புச் சான்றிதழை நீட்டினார். “பட்டியல்ல அவ பேரை எடுக்கோணும். நான் குடுத்தா நீ நம்பமாட்டே. நீயே குடுத்துரு அம்மணி” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன்.

தேர்தல் அலுவலகத்தில் இருந்த பெண் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, “நீங்க போங்கம்மா, நாங்க எடுத்துருவோம்” என்றாள். நான் நகரவில்லை.

“ஏனுங்கம்மா, நம்பிக்கை இல்லீங்களா?”

“இல்லீங்க” என்றேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். உங்கள் வீட்டுக்காரரும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.