அடியில் யாரும் இல்லாத கல்வட்டம்

என் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே பச்சை பிளாஸ்டிக் புல், அதன் மேல் வட்டமாக ஒட்டிய கூழாங்கற்கள், கீழே தங்க நிற எழுத்தில் உன் பெயர். நம் மரபுக் குழு கொடுத்த நினைவுப் பரிசு. மூடியைத் திறந்தால் பசை நாற்றம் குப்பென்று அடிக்கிறது. நீ பார்த்திருந்தால், "இன்னாடி இது, மீன் தொட்டியா? மீன் எங்க?" என்று கேட்டிருப்பாய்.

உன் பெயரில் ஒரு பூங்கா திறந்துவிட்டார்கள். நீ போன பிறகு நடந்ததை உனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

அந்தக் கல்வட்டத்தை நாம் முதலில் பார்த்த நாள் உனக்கு மறந்திருக்காது. ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து வரும்போது கம்பெனி பஸ் வழியில் நின்றுவிட்டது. நாளெல்லாம் லைனில் நின்று ஒயர் கட்டிய அலுப்பில் எல்லோரும் சீட்டிலேயே தூங்க, நீ மட்டும் இறங்கி முள்ளுக்காட்டுக்குள் போனாய். பின்னாலேயே நானும் வந்தேன். இடுப்பளவுப் பாறைகள் வட்டமாக, பாதி மண்ணில் புதைந்து நின்றன. தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள் நான்; ஏதோ சாமி இடம் என்று கையெடுத்துக் கும்பிடப் போனேன்.

"சாமி இல்லடி. செத்தவங்க கீறாங்க. எங்க ஊர்ல யாரும் இங்க மாடு ஓட்டமாட்டாங்க" என்றாய்.

பிறகு கேள்விப்பட்டுப் பார்க்க வந்த கல்லூரி ஆசிரியரும் அதைத்தான் சொன்னார். எழுத்து வருவதற்கு முன் வாழ்ந்தவர்கள், இறந்தவரைப் பானைகளோடு புதைத்து, இடம் தெரிவதற்காகச் சுற்றிலும் பாறைகளை நட்டு வைத்தார்களாம். அரசுப் பதிவில் அந்த இடம் இல்லை என்றும் சொன்னார். அவரோடு பார்க்க வந்தவர்கள் கூடிப் பேசிய அந்தச் சந்திப்பில்தான் மரபுக் குழு பிறந்தது. குன்றத்தூர் அபார்ட்மென்டிலிருந்து வந்த ஒருவர் தானாகவே செயலாளர் ஆனார். நம் இருவரையும் காட்டி "இவங்கதான் இந்த மண்ணோட மகள்கள்" என்று கூட்டத்தில் அறிமுகம் செய்தார். நான் தென்காசி மண் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ என் காலை மிதித்தாய்.

மாதம் ஒரு மரபு நடை. பேப்பர் கப்பில் கேழ்வரகுக் கூழ், பச்சை டி-ஷர்ட். ஏரிக்கரையில் வருடா வருடம் அதே இடத்தில் பனை விதை நட்டார்கள். போன வருடம் நட்டது என்ன ஆனது என்று ஒரு ஆள்கூடக் குனிந்து பார்த்ததில்லை. "போட்டோ மட்டும் நல்லா மொளைக்குது" என்று நீ சத்தமாகவே சொல்வாய். ஒரு நடையில் நாலைந்து பேர் பாறை மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "அது ஒருத்தரோட வூடு. உங்க வூட்டு மேல நான் ஏறி நிக்கட்டா?" என்று கேட்டாய். இறங்கினார்கள். உனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம் என்று செயலாளர் என்னிடம் வருத்தப்பட்டார்.

உன் கோபம் போதவில்லை என்பதுதான் உண்மை. பக்கத்து நிலத்தை வாங்கிய வேறொரு கம்பெனி, லாரி நிறுத்துமிடத்துக்காக வட்டத்தையும் வளைத்துக்கொண்டது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நீ ஒருத்தி எழுந்து, மழைத்தண்ணி ஏரிக்குப் போகும் வழியும் அடைபடும், செத்தவர்களின் இடமும் போகும் என்றாய். நம் குழு அடுத்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தது. டி-ஷர்ட்டும் கூழும் அந்தக் கம்பெனியின் தயவு என்பது அன்றைக்குத்தான் நமக்குப் புரிந்தது. ஒருவர் செல்போனைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார்.

மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ போனாய். இரங்கல் கூட்டத்தில் உன்னைப் போராளி என்றார்கள். அதே வாயால் ஒரு நல்ல யோசனையும் சொன்னார்கள்: கற்களைப் பத்திரமாகப் பெயர்த்து கம்பெனி வாசலில் பூங்காவாக வைப்பது, அதற்கு உன் பெயர் சூட்டுவது. கிரேன் வந்தது. பாறைகளைக் கழுவி வெள்ளையடித்து, புல்தரையில் செயற்கை நீரூற்றுக்குப் பக்கத்தில் நட்டார்கள். பழைய வட்டத்தில் ஒரு பக்கம் இடைவெளி இருக்குமே, அது கண்ணுக்கு உறுத்துகிறது என்று குவாரியிலிருந்து ஒரு புதுக்கல் வாங்கி அடைத்தார்கள். அடியில் இருந்தவரை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள். அவர் மேல் ஜல்லி கொட்டி கான்கிரீட் போட்டாகிவிட்டது. இப்போது லாரிகள் நிற்கின்றன. இதற்கு மீட்பு என்று பெயர் வைத்தார்கள். இவ்வளவு படித்தவர்கள் கூடி இவ்வளவு அழகாக ஒரு கேவலத்தைச் செய்ய முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

உன் பெயர் என்பதால் திறப்பு விழாவுக்குப் போனேன். தோழி என்ற முறையில் மைக்கைக் கொடுத்தார்கள். ஒன்றுதான் கேட்டேன்: "இதுக்கு அடியில யாரு இருக்கா?"

கம்பெனி அதிகாரி மரியாதையாக எழுந்தார். "அடியில சொட்டுநீர் பைப் மட்டும்தான் மேடம். பயப்பட வேணாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. அதை உன் பிரிவுக்கான கண்ணீர் என்று எண்ணி யாரோ படம் எடுத்தார்கள்.

கிளம்பும்போது செயலாளர் கேசரித் தட்டோடு பின்னால் வந்தார். "அக்கா, இன்னொரு கம்பெனியும் இதே மாதிரி ஒண்ணு கேக்குறாங்க. நீங்க ரெண்டு பேரும் சுத்தாத காடு இல்ல. வேற வட்டம் எங்கயாவது இருக்கா?"

நீ காய்ச்சலில் விழுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நாம் பார்த்தது கண் முன்னால் வந்தது. ஈச்சம் புதருக்குள் ஒரு கல்கூட அசையாமல் இருந்த அந்த வட்டம். அவ்வளவு நடந்த பிறகும், குழுவிடம் அடுத்த நடையில் சொல்லலாம் என்று குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டாயே, அது.

"இல்லைங்க. எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்" என்றேன்.

இப்போது அந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குப் பிறகு யாருக்கும் தெரியாது. தெரியவே வேண்டாம்.