இரண்டுமே நல்ல நீலம்

வால்பாறை
2.6.2024

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் பொன்னி அண்ணியும் நலமா? இந்தக் காட்டில் டவர் கிடையாது. ஆராய்ச்சி நிலையத்து ஜீப் வாரம் ஒருமுறை தபாலுக்குப் போகும், அதனால்தான் கடிதம்.

ஒரு உதவி வேண்டும். செவிலிமேட்டில் நம் காலி மனையில், அடிபம்பு ஒழுகும் இடத்தில் புளியாரை மண்டிக் கிடக்கிறதல்லவா? அதன்மேல் பறக்கும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகளை ஞாயிறுதோறும் காலையில் எண்ணி எழுதுவாயா? சின்ன வயதில் எனக்கு அவற்றைக் காட்டியதே நீதான். கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். இலைக்கு அடியில் வெள்ளைப் புள்ளியாக முட்டை வைக்கும். சில நாளில் பச்சைப் புழு. அதன் முதுகில் ஊறும் இனிப்புக்காக எறும்புகள் கூடவே காவல் நிற்கும். அப்புறம் கூடு கட்டி, நாலு வாரத்துக்குள் மறுபடி பூச்சி. முழங்கால் உயரத்தைத் தாண்டிப் பறப்பது அபூர்வம். அந்தப் புளியாரைதான் அதற்கு ஊர், உலகம் எல்லாம்.

உன் எண்கள் உன் பெயரோடு என் அறிக்கையில் வரும். சாயப் பட்டறை வேலைக்கு நடுவில் இது வேறா என்று திட்டாதே.

உன் வேணி

பிள்ளையார்பாளையம்
30.6.2024

அன்புத் தங்கை வேணிக்கு,

அண்ணன் எழுதியது. இங்கு எல்லாரும் சுகம். ஆவணி முகூர்த்தத்துக்குப் பட்டு வந்து குவிகிறது, குந்தக்கூட நேரமில்லை. மழைக் காலத்தில் அட்டை கடிக்குமாமே, காலுக்கு மூக்குப்பொடி தடவிக்கொள் என்கிறாள் பொன்னி.

நீ கேட்ட கணக்கு: ஒன்பதாம் தேதி பத்தொன்பது. பதினாறாம் தேதி பதினேழு. இருபத்துமூன்றாம் தேதி இருபத்தொன்று. இன்று பதினாறு. ஒரு ஜோடி சேர்ந்து உட்கார்ந்திருந்தது, இரண்டுமே நல்ல நீலம்.

உன் அண்ணன் குமரகுரு

வால்பாறை
14.7.2024

அன்புள்ள அண்ணா,

கணக்கைப் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. ஜோடியில் இரண்டும் நீலம் என்று எழுதியிருக்கிறாய். அதில் ஆண்தான் நீலம், பெண் காப்பிக்கொட்டை நிறம். "நீலம் நான், பழுப்பு நீ" என்று சொல்லி என்னை அழவைத்தவன் நீ. மயில்கழுத்து நீலத்தில் ஏழு சாயல் பிரிப்பவனுக்கு இது எப்படித் தப்பும்?

உன் கண்ணில் ஏதோ கோளாறு. சாயக்காரனுக்குக் கண்தானே கை! நாளைக்கே டாக்டரிடம் காட்டு. அண்ணிக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், தப்பிக்க முடியாது.

உன் வேணி

பிள்ளையார்பாளையம்
28.7.2024

அன்புத் தங்கை வேணிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே பொன்னி என்னைப் பட்டறையிலிருந்து கிளப்பிவிட்டாள். "தங்கச்சி அங்க கவலப்பட்டுக்கினு இருக்குது, நீங்க இன்னாத்துக்குக் குந்திக்கினு இருக்கறீங்க?" டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கண்ணு இருபது வயசுப் பையனுக்கு இருக்கற மாதிரி இருக்குதுபா" என்றார். பொன்னி அங்கேயே தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு அந்த நாற்காலியிலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

என் கண்ணில் கோளாறு இல்லை, வேணி. நான் பார்க்காமல் எழுதினேன்.

ஒன்பதாம் தேதி எண்ணிய பத்தொன்பது மட்டும் நிஜம். அந்த வாரமே, சந்தில் இடம் போதாமல், சாயம் போட்ட பட்டை மனையில் மூங்கில் கட்டி உலர்த்தினேன். நெருஞ்சியும் புல்லும் பட்டில் ஒட்டி இழையைக் கெடுத்தன. களைக்கொல்லி வாங்கி மனை முழுக்க அடித்தேன். அடிபம்புப் பக்கம் விட்டுவிடத்தான் நினைத்தேன். கை போன வேகத்தில் அதையும் சேர்த்து அடித்துவிட்டேன். மூன்றாம் நாள் எல்லாம் வைக்கோலாகிவிட்டது. சுருண்ட இலைமேல் எறும்புகள் மட்டும் எதையோ தேடிக்கொண்டு திரிந்தன.

உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பதினேழு என்று எழுதினேன். ஒரு பொய் எழுதியதும் அடுத்தது கை கூசாமல் வந்தது. நீயோ என் கண்ணுக்காகப் பதறுகிறாய். வெட்கமாக இருக்கிறது. வேறென்ன எழுத?

உன் அண்ணன் குமரகுரு

வால்பாறை
11.8.2024

அண்ணா,

மருந்தடித்ததற்குக் கோபம் இல்லை. பட்டு உன் பிழைப்பு. "செத்துப்போச்சு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அழுதுவிட்டு அதையே அறிக்கையில் எழுதியிருப்பேன்.

உன் கணக்கு முழுவதையும் எடுத்துவிட்டேன். ஒன்பதாம் தேதியையும்தான். அது நிஜம் என்கிறாய், இனி நான் எதை வைத்து நம்புவது? ஏன் எடுத்தாய் என்று இங்கே கேட்டார்கள். எண்ணியவர் சரியில்லை என்றேன். யார் அவர் என்றார்கள். என் அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை. தெரிந்தவர் என்றேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை நீ போக வேண்டாம்.

அம்சவேணி

பிள்ளையார்பாளையம்
1.9.2024

வேணி,

வேண்டாம் என்றாய். போனேன். மூங்கிலைப் பிடுங்கிவிட்டேன், பட்டு இப்போது மாடியில் உலர்கிறது.

போன வாரம் முசரவாக்கத்தில் ஒரு வேலை. அங்கே வரப்போரம் புளியாரையும் பூச்சியும் கொள்ளை கொள்ளையாக. பெயர்த்து ஒரு டப்பாவில் கொண்டுவந்து நம் மனையில் விட்டுவிட்டால், நீ வந்து பார்க்கும்போது எல்லாம் பழையபடி இருக்குமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. குனிந்தும்விட்டேன். அதுவும் உன்னை ஏமாற்றுவதுதான் என்று திரும்பி வந்துவிட்டேன். கொண்டுவருவதா கூடாதா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் பதினெட்டு: ஒன்றும் இல்லை.
இருபத்தைந்து: ஒன்றும் இல்லை. மழை.
இன்று: ஒன்றும் இல்லை. அடிபம்பைச் சுற்றி அரை மணி நேரம் குந்திப் பார்த்தேன். புளியாரை முளைக்கவில்லை.

இது மூன்றும் கண்ணால் பார்த்து எழுதியது. கீழே அண்ணன் என்று போட எனக்கும் கை வரவில்லை.

தெரிந்தவர்,
குமரகுரு