எஸ்தரம்மாவிடம் கொடுத்த காவல்

அன்புள்ள டாக்டர்,

இன்று படப்பையில் ஷேர் ஆட்டோவுக்காக ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தேன். உள்ளேயிருந்து டிங்சர் வாசனை வந்தது. என் நாய் ராஜாவின் நினைவும், கூடவே உங்கள் நினைவும் வந்தன.

ராஜாவுக்கு அப்போது வயதாகிவிட்டது. முன்னங்கால் இடுக்கில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி. நடந்தால் உரசிப் புண்ணாகும். புற்றுநோய்தான், ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்றார்கள் பலர். நீங்கள் கட்டியை விரல்களால் மெல்ல உருட்டிப் பார்த்தீர்கள். தோலுக்கடியில் வழுக்கி நகர்ந்தது.

"வெறும் கொழுப்பு சார். எடுத்துடலாம். வயசான நாயி, மயக்க மருந்துதான் பயம். ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் குடுக்காதீங்க."

வயிற்றில் சோறிருந்தால் மயக்கத்தில் வாந்தியெடுத்து, அது மூச்சுக்குழாயில் இறங்கி உயிரே போய்விடும் என்று விளக்கினீர்கள்.

மறுநாள் எங்கள் ஊர் வல்லம் வடகாலிலிருந்து உங்கள் கால்நடை ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் வந்து இறங்கினோம். ராஜாவின் மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. எங்கள் பள்ளியில் மதிய உணவு சமைக்கும் எஸ்தரம்மா வண்டியருகிலேயே அழுதுவிட்டார்.

"பொழைக்குமோ இன்னாமோ, வவுறு காஞ்சிகினு போவக்கூடாதுன்னு ரெண்டு வாய் வெச்சேன் டாக்டரே."

நான் கோபமாகப் பேச வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "அடுத்த வாரம் வாங்க. அதுக்கு முந்தின ராத்திரி நீங்களே காவல் இருங்கம்மா. உங்களைத் தாண்டி ஒரு பருக்கை போவக்கூடாது."

அடுத்த வாரம், முந்தின நாள் ராத்திரி ராஜாவைத் தன் வீட்டிலேயே கட்டிப்போட்டார் எஸ்தரம்மா. பரிதாபப்பட்டுக் கருவாட்டுத் தலையோடு வந்த பக்கத்து வீட்டுக்காரரை, "எடுத்துகினு போய்யா, டாக்டரு என்னை நம்பிக் குடுத்துகிறாரு" என்று விரட்டினாராம்.

மாடு பார்க்கும் கொட்டகையில், ஒரு மரமேசையில் ராஜாவைக் கிடத்தி, அவசரமில்லாமல் அறுத்தீர்கள். கட்டி முழுசாக வந்தது. அதை வாளித் தண்ணீரில் போட்டு எஸ்தரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். மஞ்சளாக மிதந்தது. கொழுப்பு மிதக்கும் என்று நானே வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பார்த்தது அன்றுதான்.

சாயங்காலம் ராஜா தள்ளாடி எழுந்து நின்றது. கஞ்சிக் கிண்ணத்தை வாங்க நான் கை நீட்டினேன். நீங்களோ அதை எஸ்தரம்மாவிடம் கொடுத்தீர்கள். "இப்ப ஊத்துங்க."

அதற்குப் பிறகு, வகுப்பில் மைப்புட்டியை உடைத்தவனிடமே மை வைக்கும் அலமாரியின் சாவியைக் கொடுத்துப் பழகினேன், டாக்டர். சில முறை ஏமாந்ததுண்டு. ஆனாலும் சாவியைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வந்ததேயில்லை.